பாறையும் பொய்யிரையும்

கொட்டியாரக்குடாவின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களையே எழுதினர். 1660இல் றொபேட் நொக்ஸ் இங்கே கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டதையும், 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை விட்டு நீங்கியதையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். சம்பூர்க் கரையில் படகற்றவன் மீன்பிடித்த வரலாற்றை எழுதியவர் யார்?

குடாவின் வாயில்வரை கடலடிப் பள்ளத்தாக்கொன்று நெருங்கி வருகின்றது. ஆதலின் ஆழ்நீர் கரைக்கு அண்மையிலேயே கிடக்கின்றது. சிறுமீன் கூட்டத்தைத் துரத்தும் பாரையும் அறக்குளாவும் பாறையடிவரை வரக்கூடும். பாறைமேல் நிற்பவன் உயிரிரை கோப்பதில்லை. இறகையோ மினுங்கும் தகட்டையோ தூண்டிலிற் கட்டித் தொலைவில் எறிந்து, ஓயாது இழுக்கின்றான். கண்ணால் வேட்டையாடும் மீன் அது. இரை அசையாது நின்றால் பொய் வெளிப்பட்டுவிடும். வசதி படைத்தோர்க்கு இது பொழுதுபோக்கு. ஏழைக்கோ, முதலாளியிடம் கடன்படாமல் கிட்டும் கறி.

படகு வேண்டாத தொழிலுக்கும் கரை வேண்டுமல்லவா? 2006 ஏப்ரலில் குண்டுகள் வீழ்ந்தன, மக்கள் ஓடினர். செப்டம்பர் 4இல் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அனல்மின் நிலையத்துக்கென ஒரு பகுதி, முதலீட்டு வலயத்துக்கென 818 ஏக்கர், கடற்படை முகாமுக்கென வேறொரு பகுதி எனக் காணி பங்கிடப்பட்டது. 818 ஏக்கர் 2015இல் விடுவிக்கப்பட்டது. கடற்படை வசமிருந்த நிலம் 2016 மார்ச்சில் மீண்டது. அனல்மின் திட்டமும் அவ்வாண்டே கைவிடப்பட்டது.

காணிக்கு உறுதி உண்டு. பாறைக்கு உறுதி எழுதி வைத்தவர் எவர்? 2006இல் பத்து வயதாயிருந்த சிறுவன் திரும்பியபோது இருபதை எட்டியிருந்தான். எந்த நீரோட்டத்தில் எப்பாறையினின்று எறிவதெனத் தந்தையிடம் கற்கும் பருவம், கடலே தெரியாத கிளிவெட்டி முகாமிற் கழிந்துபோயிற்று.