எல்லைக் கோடும் பரிசுச் சீட்டும்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில் பாறசாலை. அதையடுத்து இஞ்சிவிளை, இன்னும் கொஞ்சம் நடந்தால் களியக்காவிளை. முதல் இரண்டும் கேரளம், மூன்றாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 வரை மூன்றும் ஒரே திருவிதாங்கூர் மண்ணாக இருந்தவை. மார்ஷல் நேசமணி தலைமையில் போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரையையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது. விளவங்கோடு வந்தது, நெய்யாற்றின்கரை வரவில்லை. அந்தக் கோடு உறவுகளைப் பிரித்த கதையைப் பலரும் எழுதியாயிற்று. அது சூதாட்டத்தையும் இரண்டாகப் பிரித்ததை நான் இங்கே சொல்ல வருகிறேன்.

நம் பழைய கதைகளில் சூதாடுபவன் அரசன். நளனும் தருமனும் நாட்டை வைத்து ஆடிக் காட்டுக்குப் போனார்கள். இருப்பவன் இழப்பதே அன்றைய சூது. இன்றைய பரிசுச் சீட்டோ இல்லாதவனின் சூது. அதில் நாட்டைப் பணயம் வைப்பவர் எவருமில்லை. அன்றன்றைய கூலியில் ஒரு துண்டுதான் பணயம்.

இந்தியாவில் அரசே லாட்டரி நடத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது கேரளம். 1967இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு இதற்கெனத் தனித் துறை அமைத்தார். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26இல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். அதே 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழக அரசும் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. ஆக, அன்று கோட்டின் இருபுறமும் ஒரே நியாயம்தான்: வரி போட்டால் முணுமுணுக்கும் ஜனம், ஆசை காட்டினால் தானாகவே கொடுக்கும்.

2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. அன்றுமுதல் பாறசாலையில் அரசின் வருமானமாக இருப்பது, கூப்பிடு தூரத்துக் களியக்காவிளையில் குற்றம். இங்கே மாற்றுத்திறனாளியும் முதியவரும் கையில் கட்டோடு நின்று விற்று அரிசி வாங்குகிறார்கள். அங்கே அதே சீட்டை விற்றால் போலீஸ் பிடிக்கும். ஆனால் ஆசைக்கு ஏது சோதனைச் சாவடி? அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம் வந்து எடுத்துப் போகிறார்கள். பிற்பகல் 3 மணிக் குலுக்கல் முடிந்ததும் "வல்லதும் அடிச்சுதா மக்கா?" என்று கேட்கும் பேச்சு இரண்டு பக்கமும் ஒன்றே.

2023 ஓணம் பம்பரில் முதல் பரிசான 25 கோடி, வாளையாறு எல்லையில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. கிடைத்தது திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்கு. பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. கணக்கையும் பார்ப்போமே. அந்த ஆண்டு விற்றவை 75 லட்சத்துக்கு மேல். சீட்டு ஒன்று 500 ரூபாய் வீதம் 375 கோடிக்குமேல் திரண்டது. முதல் பரிசு அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. சிறு பரிசுகள் உண்டென்றாலும், பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

விழுந்தவருக்காவது நிம்மதி உண்டா? 2022இல் 25 கோடி விழுந்தவர் திருவனந்தபுரத்து ஆட்டோ ஓட்டுநர். மலேசியாவுக்குச் சமையல் வேலைக்குப் புறப்படவிருந்தவர். ஒரு வாரம் ஆகுமுன்பே, உதவி கேட்டு வாசலில் நிற்போர் தொல்லை தாங்காமல், இது விழாமலே இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாக நொந்துகொண்டார். பிழைப்புக்காகக் கடல் கடந்த நமக்கு இச்செய்தி புரியும். ஊருக்குப் போகும்போது நம் வாசலிலும் கொஞ்சம் பேர் நிற்பார்கள் அல்லவா?

அப்படியானால் தடைதான் சரியா என்றால், அதையும் முழுதாகச் சொல்வதற்கில்லை. தமிழகத்தில் சீட்டு போனது. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து ஆடும் 'மூணு நம்பர்' கள்ள லாட்டரி வந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பத்தில், மூன்று பெண்குழந்தைகள் உட்பட ஐந்து உயிர்கள் போயின. இந்தச் சூதில் பட்ட கடனே காரணம் என்று செய்தி வந்தது. கள்ளச் சூதில் போன பணம் பள்ளிக்கும் வராது, ஆஸ்பத்திரிக்கும் வராது.

கேரளத்தில் அது ஓரளவு வருகிறது. 2011இல் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது வந்த 'காருண்யா' லாட்டரியின் வருமானம், புற்றுநோய், இருதய, சிறுநீரக நோயுள்ள ஏழைகளின் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டது. வள்ளுவர் சூது அதிகாரத்தை அடுத்து மருந்து அதிகாரத்தை வைத்தார். சூதே மருந்துக்குப் பணம் தரும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்! நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சீட்டை எடுத்தவர் யார்? பெரும்பாலும் கூலிக்காரர், ஆட்டோக்காரர், மீனவர். ஏழையின் சிகிச்சைக்கு ஏழையே ஆசையின் பெயரால் வரி கட்டுகிறார். வசதியுள்ளவர் அந்த வரிசையில் நிற்பதே இல்லை.

ஆகவே, கோட்டுக்கு எந்தப் பக்கம் நியாயம் என்ற கேள்வியைவிட, கோட்டின் இருபுறமும் பணயம் வைப்பவர் யார் என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஓர் அரசு விற்கிறது, ஓர் அரசு தடுக்கிறது. சீட்டு எடுக்காமலே மருத்துவச் செலவையும் மகள் கல்யாணத்தையும் சமாளிக்கலாம் என்ற தைரியத்தை அந்த ஏழைக்கு இருவருமே இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை. அது கிடைக்கும் நாளில்தான் இஞ்சிவிளைச் சீட்டுக்கடையில் கூட்டம் குறையும்.