சர்ச்லைட்டுக்குத் தடை போட்ட ஊர்

இரவின் இருட்டைக் காக்க முதன்முதலில் சட்டம் போட்ட ஊர் எது என்று கேட்டால், வானியலாளர்கள் காட்டுவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃப்ளாக்ஸ்டாஃபை. ஆண்டு 1958. அந்தச் சட்டம் குறிவைத்தது தெருவிளக்குகளை அல்ல, விளம்பர சர்ச்லைட்டுகளை.

இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைத் தேட ராணுவம் வாங்கிக் குவித்த ராட்சத விளக்குகள், போர் முடிந்ததும் மலிவாகச் சந்தைக்கு வந்தன. கடை திறப்போ, புதுப்படமோ, வாசலில் ஒன்றை நிறுத்தி வானத்தைத் துழாவவிடுவது அங்கே வியாபாரிகளின் வழக்கமாயிற்று. நம் ஊரில் சர்க்கஸ் வந்தால் கூடாரத்தருகே சுழலுமே, அதேபோல.

ஃப்ளாக்ஸ்டாஃபில் மட்டும் இது செல்லவில்லை. ஊரை ஒட்டிய மார்ஸ் ஹில் குன்றின்மேல் லோவெல் வானாய்வகம் இருந்தது. 1894இல் செவ்வாயைப் பார்க்கத் தோதான இடம் தேடிய பெர்சிவல் லோவெலை, நிலம் கொடுத்து, குன்றுக்குப் பாதையும் போட்டுத் தந்து வரவழைத்ததே இந்த ஊர்தான். 1930இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். அந்த ஆய்வகத்தின் ஏர்ல் ஸ்லைஃபர் ஒரு காலத்தில் ஊருக்கு மேயராகவே இருந்தவர். எனவே சர்ச்லைட் வெளிச்சம் வானத்தை மறைக்கிறது என்ற வானியலாளர்களின் குறை நகர்மன்றத்துக்கு வெளியாள் புலம்பலாகப் பட்டிருக்காது. அறிவியல் பக்தி மட்டுமல்ல, ஊரின் பெயரே அந்தக் குன்றில்தான் இருந்தது.

சர்ச்லைட்டைத் தடுப்பது சுலபம். ஊர் வளர்ந்து பெட்ரோல் பங்க்கும் விடுதியும் கார் நிறுத்துமிடமும் பெருகியபோது என்ன செய்வது? எல்லாவற்றையும் அணைக்கச் சொல்ல முடியாது. 1989இல் வந்த விதிகள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஓர் ஏக்கர் மனைக்கு இத்தனை லூமன் என்று வெளிச்சத்துக்கே ரேஷன் போட்டார்கள். அதற்குள் எத்தனை விளக்கு என்பது கடைக்காரர் பாடு. மேல்நோக்கிச் சிதறாதபடி மூடியிட்ட விளக்குக்குத் தாராளம். திறந்த விளக்குக்குக் கெடுபிடி.

தெருவுக்கு விரும்பியது தாழ்அழுத்த சோடியம் விளக்கு. அதன் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்திலேயே அடங்கிவிடும். தொலைநோக்கியில் அதை மட்டும் வடிகட்டினால் மிச்ச வானம் தப்பிக்கும். என்ன, அந்த மஞ்சளில் சிவப்புக் காரும் பச்சைக் காரும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே 1988இல், அதே மாநிலத்து டூசானில் டேவிட் கிராஃபோர்டும் டிம் ஹண்டரும் சர்வதேச இருள்வானச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2001இல் அந்தச் சங்கம் தன் முதல் இருள்வான நகரமாக ஃப்ளாக்ஸ்டாஃபை அறிவித்தது. பின்னால் சோடியம் விளக்குகளின் உற்பத்தியே நின்றுபோக, வெள்ளை எல்.இ.டி.க்குத் தாவாமல், பழைய மஞ்சளை ஒட்டிய, குறுகிய அலைப்பட்டை எல்.இ.டி.க்களை நகரம் தேடிப் பிடித்தது.