ஒரு பாட்டு, ஒரு பேர்: ராக் இசைக்குழுவுக்கு சிங்கிள் ஏன் இவ்வளவு முக்கியம்?

1981இல் ஜொகூர் பாருவில் உருவான ராக் இசைக்குழு ‘செர்ச்’. உங்கள் வீட்டில் 80களில் வளர்ந்த மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மலாய்ப் பாட்டு அதிகம் கேட்காதவராக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “இசபெல்லா!”

ஆனால் செர்ச் என்றால் இசபெல்லா மட்டும் இல்லை. அந்தப் பாட்டு வருவதற்கு முன்பே அவர்கள் மூன்று ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார்கள். மேடையில் அவர்கள் வாசித்தது வேகமான, சத்தமான, கிட்டார் முன்னால் நிற்கும் ராக். அப்படிப்பட்ட குழுவுக்கு ஒரு மெதுவான காதல் பாட்டு எப்படி அடையாளமாக மாறியது? அதனால் குழுவின் மதிப்பு கூடியதா, குறைந்ததா?

இந்தக் கேள்வி செர்ச்சுக்கு மட்டும் உரியது அல்ல. நீங்கள் ஒரு பேண்டில் வாசிப்பவராக இருந்தால், முதல் பாட்டை வெளியிடும் நாளில் உங்கள் முன்னாலும் வந்து நிற்கும்.

சிங்கிள் என்றால் என்ன?

ஓர் ஆல்பத்தில் பத்துப் பாட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தையும் வானொலிக்காரர்கள் போடமாட்டார்கள். அதனால் இசை நிறுவனமும் குழுவும் சேர்ந்து ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து முன்னால் அனுப்புவார்கள். விளம்பரம், காணொளி, தொலைக்காட்சி நிகழ்ச்சி எல்லாம் அந்தப் பாட்டைச் சுற்றியே நடக்கும். அதுதான் சிங்கிள்.

மேற்கில் சிங்கிள் தனி இசைத்தட்டாகவே கடைக்கு வந்தது. நம் நாட்டில் 80களில் கேசட்தான் ராஜா. மக்கள் வாங்கியது முழு ஆல்பத்தை. ஆனால் எந்த ஆல்பத்தை வாங்குவது என்று முடிவு செய்ய வைத்தது வானொலியிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப ஒலித்த அந்த ஒரு பாட்டு. பெயர் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

சுருக்கமாகச் சொன்னால், சிங்கிள் என்பது வீட்டு வாசல் மாதிரி. உள்ளே எத்தனை அறை இருந்தாலும், தெருவில் போகிறவர் பார்ப்பது வாசலைத்தான்.

‘நம்பகத்தன்மை’ என்று எதைச் சொல்கிறோம்?

சினிமாப் பாடகர் இன்று சோகப் பாட்டும் நாளைக்குக் குத்துப்பாட்டும் பாடினால் யாரும் கோபப்படமாட்டார்கள். அது அவர் தொழில். ராக் அப்படி இல்லை. ‘நாங்கள் யாருக்காகவும் வளைய மாட்டோம், இது எங்கள் சொந்தக் குரல்’ என்ற பேச்சில்தான் ராக் வளர்ந்தது. அதனால் ரசிகர்களும் அதே தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள்.

மெதுவான பாட்டு பாடுவது தப்பே இல்லை. பிரச்சினை தொடங்குவது ‘இது இவங்களுக்குப் பிடிச்சு செஞ்ச பாட்டா, இல்லை விற்கணும்னு செஞ்ச பாட்டா?’ என்ற சந்தேகம் வரும்போதுதான். சிங்கிள் என்பது விற்பதற்காகவே பொறுக்கி எடுக்கப்படும் பாட்டு என்பதால், அந்தச் சந்தேகம் முதலில் விழுவதும் அதன் மேல்தான்.

ஜொகூர் பாருவிலிருந்து வந்த செர்ச் என்ன செய்தது?

செர்ச்சின் முதல் ஆல்பம் ‘சிந்தா புவாத்தான் மலேசியா’ 1985இல் வந்தது. அடுத்த ஆண்டு ‘லாங்கிட் டான் பூமி’, அதற்கடுத்து 1987இல் ‘மெந்தாரி மேரா டி உஃபுக் தீமோர்’. பாடகர் ஏமியின் உச்சக் குரலும், ஹில்லரி ஆங் போன்றவர்களின் கிட்டாரும் குழுவுக்கு ஒரு தனி அடையாளம் கொடுத்தன. இந்த வகை இசைக்கு மலாயில் ‘ரோக் காப்பாக்’ என்று செல்லப்பெயர். காப்பாக் என்றால் கோடரி. அந்தப் பெயரே இசை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடும்.

1989இல் ‘ஃபெனோமெனா’ ஆல்பம் வந்தது. அதில் இருந்த பாட்டுதான் இசபெல்லா. வேறு வேறு பின்னணியில் வந்த இருவரின் காதலைச் சொல்லும் ஸ்லோ ராக் பாட்டு. மலேசியாவைத் தாண்டி சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் அது பெரிய வெற்றி பெற்றது. டிவி3யின் ‘ஜுவாரா லாகு’ போட்டியில் 1989ஆம் ஆண்டின் வெற்றிப் பாடலும் அதுவே. பிறகு அதே பெயரில் ஒரு திரைப்படமும் வந்தது, நடித்தவர் ஏமி.

ராக் பிடிக்காத வீடுகளுக்குள்ளும் அந்தப் பாட்டு நுழைந்தது. சத்தம் குறைவு, மெட்டு மனதில் நிற்கும், சேர்ந்து பாடலாம். இன்றைக்கும் கரோக்கே போகும் இடத்தில் யாராவது ஒருவர் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருக்கமாட்டார்.

இதைப் பார்த்து மற்ற குழுக்களும் ஸ்லோ ராக் பக்கம் சாய்ந்தன. விங்ஸின் ‘செஜாத்தி’, இக்லிமின் ‘சூச்சி டாலாம் டெபு’ என்று 90களின் தொடக்கத்தில் மலாய் ராக் என்றாலே காதல் சோகம் என்ற எண்ணம் பரவியது. தலைமுடியும் தோல் ஜாக்கெட்டும் ராக், பாட்டு மட்டும் அழுகை என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

அப்படியானால் செர்ச்சின் மதிப்பு ஏன் சரியவில்லை?

முக்கியக் காரணம், வரிசை. இசபெல்லா அவர்களுடைய முதல் பாட்டு இல்லை. 1985 முதல் அவர்கள் கனமான ராக் வாசித்து ஒரு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். ‘இவங்க யார்’ என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருந்தது. அதன் பிறகு வந்த மென்மையான பாட்டு இன்னொரு முகமாகத் தெரிந்தது, வேஷமாகத் தெரியவில்லை.

இன்னொன்று, அந்தப் பாட்டின் உள்ளேயும் செர்ச் இருந்தது. ஏமியின் அதே உச்சக் குரல், அதே கிட்டார். வேகம்தான் குறைந்தது, ஆள் மாறவில்லை. பாட்டைக் கேட்டுப் பிடித்துப் போய் கேசட் வாங்கியவருக்கு, மற்ற பாட்டுகள் கொஞ்சம் சத்தமாகத் தெரிந்திருக்கலாம், அந்நியமாகத் தெரிந்திருக்காது.

இதற்கு எதிரான கதை அமெரிக்காவில் நடந்தது. பாஸ்டன் பக்கத்துக் குழுவான ‘எக்ஸ்ட்ரீம்’ 1990இல் தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டது. ஃபங்க் தாளமும் மெட்டல் கிட்டாரும் கலந்த இசை. முதலில் வந்த சிங்கிள்கள் அந்த இசையைத்தான் காட்டின, ஆனால் பெரிதாக ஓடவில்லை. பிறகு ‘மோர் தேன் வோர்ட்ஸ்’ வந்தது. ஒரு கிட்டார், இரண்டு குரல், டிரம்ஸ் கூட இல்லை. 1991இல் அது அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது.

விளைவு? அந்தப் பாட்டை நம்பி ஆல்பம் வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்தது வேறு உலகம். ராக் ரசிகர்களோ, ‘காதல் பாட்டு பாடும் பசங்க’ என்று ஒதுக்கினார்கள். கிட்டார் கலைஞர் நூனோ பெட்டன்கோர்ட்டின் திறமையை இசைக்கலைஞர்கள் மதித்தார்கள். பொதுமக்களுக்கோ குழுவின் பெயரை விட அந்த ஒரு பாட்டின் பெயர்தான் தெரிந்தது. வாசலும் வீடும் பொருந்தவில்லை என்றால் இதுதான் நடக்கும்.

சிங்கிளே வேண்டாம் என்றால்?

அப்படியும் செய்து பார்த்தார்கள். பிரிட்டனின் ‘லெட் செப்பலின்’ தன் நாட்டில் சிங்கிள் வெளியிடுவதைத் தவிர்த்தது. ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1971இல் வந்த, சுமார் எட்டு நிமிடம் நீளும் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டைச் சுருக்கி சிங்கிளாகக் கடைக்கு விட அவர்கள் சம்மதிக்கவே இல்லை. இருந்தாலும் வானொலிகள் அதை ஓயாமல் ஒலிபரப்பின. பாட்டு வேண்டுமா, முழு ஆல்பத்தை வாங்கு என்ற நிலை. மதிப்பும் வந்தது, பணமும் வந்தது.

ஆனால் இதை எல்லாரும் செய்ய முடியாது. அமெரிக்காவில் அவர்கள் நிறுவனம் சிங்கிள்களை வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே கூட்டம் வைத்திருப்பவர் கதவை மூடினால் அது கெத்து. யாருக்கும் தெரியாதவர் மூடினால் கதவு மூடியிருப்பதே யாருக்கும் தெரியாது.

‘ரேடியோஹெட்’ குழுவின் வழி வேறு. 1992இல் வெளியான ‘கிரீப்’ அவர்களை உலகுக்கு அறிமுகம் செய்தது. கூடவே ஒரே பாட்டுக் குழு என்ற முத்திரையையும் குத்தியது. பிறகு பல ஆண்டுகள் அதை மேடையில் பாடுவதையே தவிர்த்தார்கள். 1997இல் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் சிங்கிள், ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், திசை மாறிக்கொண்டே இருக்கும் ‘பாரனாய்டு ஆண்ட்ராய்டு’. வானொலிக்குக் கொஞ்சமும் ஒத்துவராத பாட்டு. ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 3ஆம் இடம் வந்தது. ‘எங்களை இப்படித்தான் கேட்கணும்’ என்று அந்த ஒரு தேர்வே சொல்லிவிட்டது.

தேர்வு எப்போதும் குழுவின் கையில்தானா?

இல்லை. நிறுவனம் இருக்கிறது, வானொலி இருக்கிறது, சில சமயம் அரசாங்கமும் இருக்கிறது.

1992இல் அப்போதைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்கள் ஆர்டிஎம்மில் தோன்றக் கூடாது என்று தடை போட்டார். அவரும் ஜொகூர்க்காரர்தான். செர்ச், விங்ஸ் குழுக்களைச் சேர்ந்தவர்கள் கடைசியில் முடியை வெட்டிக்கொண்டார்கள்.

முடிக்கும் சிங்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இணையம் இல்லாத காலம் அது. தொலைக்காட்சியில் வரவில்லை என்றால் பாட்டு மக்களிடம் போய்ச் சேரும் வழி குறுகிவிடும். முடியை வெட்டினால் ‘வளைந்துவிட்டார்கள்’ என்ற பேச்சு. வெட்டாவிட்டால் பாட்டு ஒலிக்காது. இசைக்காகச் செய்யும் விட்டுக்கொடுத்தலுக்கும் இசையையே விட்டுக்கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ரசிகர்கள் இங்கே நன்றாகவே புரிந்துகொண்டார்கள். முடி வளர்ந்துவிடும், பாட்டு அப்படியில்லை.

நம் தமிழ் இசையில் இதற்கு உதாரணம் உண்டா?

ராக் இல்லை, ஆனால் ரொம்பப் பக்கத்தில் ஒன்று உண்டு: 2006இல் வந்த யோகி பி, நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம். அதில் பெரிதாக ஓடிய ‘மடை திறந்து’, இளையராஜா 1980இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இசையமைத்த பாட்டை எடுத்து அதன்மேல் ராப் எழுதியது. மலேசியாவில் உருவான அந்தப் பாட்டு தமிழ்நாடு வரை போனது. அடுத்த ஆண்டே யோகி பியின் குரல் ‘பொல்லாதவன்’ படத்திலும் ஒலித்தது.

இதிலும் அதே ஆபத்து இருந்தது. தெரிந்த மெட்டை முன்னால் வைத்தால் கதவு சீக்கிரம் திறக்கும். ‘ரீமிக்ஸ் செய்றவங்க’ என்ற பேரும் சீக்கிரம் ஒட்டும். அவர்களைக் காப்பாற்றியது, பாட்டின் கனம் ராப் வரிகளில் இருந்ததுதான். யோகி பி அதற்கு முன்பே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பல ஆண்டு உழைத்துப் பேர் வாங்கியவர் என்பதும் உதவியது. செர்ச் கதையில் பார்த்த அதே வரிசை.

இப்போது ஸ்பாட்டிஃபை காலம். இது இன்னும் பொருந்துமா?

முன்பைவிட அதிகமாகவே பொருந்தும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். அதனால் நீண்ட முன்னிசையை வெட்டிவிட்டு நேராகப் பல்லவிக்கு ஓடும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. ஒரு பாட்டு டிக்டாக்கில் ஓடிவிட்டால், உங்கள் பக்கத்தில் மேலே நிற்பது அதுதான். புதிதாக வருபவர் அதை மட்டும் கேட்டுவிட்டு உங்களை முடிவு செய்துவிடுவார்.

ஸ்கூடாயிலோ மாசாயிலோ குளுவாங்கிலோ நண்பர்களோடு பேண்ட் ஆரம்பித்திருக்கிறீர்களா? முதல் பாட்டைப் பதிவேற்றும் முன் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயங்கள் இவை:

ஒன்று: இந்தப் பாட்டு பிடித்து ஒருவர் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தால், மற்றப் பாட்டுகளும் அவருக்குப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறதா?

இரண்டு: இதே பாட்டை இன்னும் இருபது வருஷம் மேடையில் பாட உங்களுக்குச் சம்மதமா? ஓடிவிட்டால் வேறு வழியே இருக்காது.

மூன்று: மென்மையான பாட்டுதான் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல பாட்டு என்றால், அதற்கு முன்னால் உங்களை அறிமுகம் செய்ய வேறு ஒன்று தயாரா?

நான்கு: குழுவில் ஒருவருக்காவது இந்தப் பாட்டைப் பார்த்து வெட்கமாக இருக்கிறதா? இருந்தால் அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். வெளியான பிறகு சொன்னால் சண்டைதான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் பதில் சரியாக இருந்தால், பாட்டு வேகமா மெதுவா என்பது பெரிய விஷயமே இல்லை. இசபெல்லாவை விரும்பிக் கேட்டவர்கள் யாரும் செர்ச்சை ராக் குழு இல்லை என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பாட்டுக்கு முன்னால் இருந்த மூன்று ஆல்பங்கள்.