சேர்வராயன் மலையும் புள்ளாராய்ச்சியும்

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலை 1,623 மீட்டர் உயரமுடையது. அதன்மேல் அமைந்த ஏற்காடு, காப்பித் தோட்டங்களாலும் குளிர்ச்சியாலும் பெயர் பெற்றது. இம்மலைப் பறவைகளை அயல்நாட்டார் கண்டறிந்து பதிவு செய்த வரலாறு, தமிழாய்வாளரும் கருதத்தக்க தொன்றாகும்.

தென்னாட்டுப் பறவைகளை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் டி. சி. ஜெர்டன் ஆவர். 1836இல் மருத்துவராகச் சென்னை வந்த இவர், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' என்னும் நூலில், அறிவியற் பெயரோடு நாட்டுமொழிப் பெயர்களையும் குறித்தார். மக்கள் வழங்கும் பெயரும் சான்றே என அவர் கொண்டமை இதனாற் புலனாகும். 1845இல் அவர் விளக்கிய மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவுக்கே உரியது. பாறையும் புதரும் செறிந்த சரிவுகளில் வாழும் கூச்சமுடைய பறவை. சேர்வராயன் மலைச்சரிவும் அதன் வாழிடங்களுள் ஒன்றாம்.

அடுத்த நிலை வெர்னே ஆய்வாகும். ஆர்தர் வெர்னே என்பார் பொருளுதவ, 1929இல் கிழக்கு மலைத் தொடரின் பறவைகளைத் தொகுக்கும் பணி தொடங்கிற்று. லாபெர்சோன் என்பார் இம்மலையிலும் பிற மலைகளிலும் பறவைகளைச் சுட்டுத் தோலுரித்துப் பாடம் செய்தனர். அவற்றை விஸ்லரும் கின்னியரும் இங்கிலாந்தில் இருந்து ஆராய்ந்து, முடிவுகளைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பல பகுதிகளாக வெளியிட்டனர். கடல் கடந்திருந்தோர் இவ்வாறு ஆராய்தற்குத் துணை நின்றவை, தோலோடு கட்டிய சீட்டில் எழுதப்பெற்ற இடமும் நாளுமே. சீட்டற்ற தோல் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படாது.

இன்று துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றுள்ளது. கொல்லாமலே உருவையும் நிறத்தையும் பதிவு செய்தல் இயலும். எனினும் விதி மாறவில்லை: இடமும் நாளும் குறியாத படம், சீட்டற்ற தோலையே ஒக்கும்.

இதனால் தமிழாய்வுக்கு வரும் பயன் யாது? சங்கப் புலவர் அன்றிலையும் மகன்றிலையும் கணந்துளையும் பாடினர். பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலில் இத்தகையவற்றை ஆராய்ந்தார். ஆயினும் பாடலில் பெயரும் இயல்பும் உள, உடல் இல்லை; அருங்காட்சியகத்தில் உடல் உண்டு, மக்கள் வழங்கிய பெயர் பெரும்பாலும் இல்லை. இவ்விரண்டையும் இணைப்பவர் அப்பறவைகளோடு வாழும் மக்களே. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்னும் இன்றைய பெயரும் ஆங்கிலப் பெயரைத் தழுவி அமைந்ததே. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அதனை எங்ஙனம் வழங்குவர் என்பது கேட்டறியற்பாலது.

எனவே முதுகலை மாணவர், படத்தைக் கையிற்கொண்டு ஊர்தோறும் சென்று முதியோரிடம் பெயர் கேட்டுத் தொகுத்தல் வேண்டும். ஒருவர் கூறியதைப் பிறரிடமும் ஒப்பிட்டு, பறவையின் குரலையும் கேட்பித்து உறுதி செய்தல் நன்று. இப்பணி காலந் தாழ்த்தற்குரியதன்று. அச்சின்னான் அழிவை நோக்கும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் குறிக்கப்பெற்றுள்ளது. கல்லுடைப்பு அதன் வாழிடத்தைச் சிதைக்கின்றது. பெயரறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். பறவை எஞ்சினும் பெயர் மறையலாம். பெயர் மறையின், பழம்பாடல் ஒன்றன் பொருளைத் துணிதற்குரிய சான்றும் அதனோடு மறையும்.