சிறுநீர்ப்பை புற்றுநோய் தோலுக்கும் பரவுமா? 'அக்கி'ன்னு நினைச்சு விட்டுடாதீங்க!

சிறுநீர்ப்பை புற்றுநோய் பரவினால், பெரும்பாலும் நிணநீர் முடிச்சு, நுரையீரல், கல்லீரல், எலும்புக்குத்தான் போகும். மிக அரிதாக அடிவயிறு, தொடை இடுக்கு, பிறப்புறுப்புத் தோலிலும் அது வெளிப்படும். 100 நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவாகவே இப்படி நடப்பதால், பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

எப்படிப் பரவுகிறது?

கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நேரடியாக வளரலாம். நிணநீர், ரத்தம் வழியாகவும் செல்கள் போகலாம். ஆபரேஷன் செய்த தழும்பில் புற்று செல்கள் ஒட்டி வளர்வதும் உண்டு.

பார்க்க எப்படி இருக்கும்?

* தோலுக்கு அடியில் கெட்டியான முடிச்சு
* தடித்த சிவப்புத் திட்டு, ஆறாத புண்
* ஆண்களுக்கு: ஆணுறுப்பில் கெட்டியான கட்டி, வலியோடு நீடிக்கும் விறைப்பு
* பெண்களுக்கு: பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் அரிப்புடன் சிவந்த திட்டு

ஏன் ஏமாற்றும்?

பார்த்தால் படர்தாமரை, அக்கி மாதிரியே இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் வாங்கிப் பூசுவது, அக்கி எழுதிக்கொள்வது என்று நாட்கள் ஓடிவிடும். 'அந்த இடத்தை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது' என்ற கூச்சம் இன்னும் தள்ளிப்போட வைக்கும். ஏற்கெனவே சிறுநீர்ப்பை புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சதையில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி மட்டுமே உறுதியான பதில் தரும்.

கொங்கு மக்கள் ஏன் கவனிக்கணும்?

இந்த நோய்க்கு முதல் காரணம் பீடி, சிகரெட். அடுத்தது சில சாய ரசாயனங்கள். சாயத் தொழிலாளர்களிடம் இந்த நோய் வருவதை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் ரென் 1895-லேயே சுட்டிக்காட்டினார். பென்சிடின் வகைச் சாயங்களுக்கு இந்தியா 1990-களில் தடை போட்டது. ஆனால் ரசாயனம் உடம்பில் பட்டு 20 வருஷம் கழித்தும் நோய் வரலாம். கொடுமுடிக்கு ஒரு பக்கம் ஈரோடு, மறுபக்கம் கரூர். இரண்டுமே ஜவுளி ஊர்கள். அந்தக் காலத்தில் சாயப்பட்டறையில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

சிகிச்சை உண்டா?

தோலுக்குப் பரவிய நிலையில் முழுமையாகக் குணப்படுத்துவது கடினம். கீமோதெரபி, இம்யூனோதெரபி, கதிர்வீச்சு மூலம் நோயைக் கட்டுப்படுத்தி வலியைக் குறைக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால், சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி செலுத்திக் கட்டியை அகற்ற முடியும்.

எப்போது போகணும்?

வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் வருவதுதான் முக்கிய எச்சரிக்கை. 'உடம்பு சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ரத்தம் தானாக நின்றாலும் நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. ஒரே ஒரு தடவை வந்தாலும் டாக்டரைப் பாருங்கள். ஈரோடு அரசு தலைமை மருத்துவமனை, பெருந்துறை அல்லது கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எங்கே போவது எனக் குழப்பமா? 104-க்கு போன் செய்து கேளுங்கள்.