மோரிஸ் மைனரின் சாய்ந்த கதவு



சுங்கைப் பட்டாணி வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் மகிழுந்து முதலில் வெள்ளைக்காரத் துரைமாருக்கே உரியதாக இருந்தது. பழையதாகிக் கைமாறிய பின்னரே கிராணிமார் வீட்டு வாசலுக்கு வந்தது. தோட்டக் கிராணியான என் தந்தையாரின் மோரிஸ் மைனரும் அவ்வாறு வந்ததே.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1970-களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் உருவாயின. இதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை; உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் மழையீரத்தில் துருவேறினால் கூடு நடுவில் தொய்யும், கதவும் பொருந்தாது.

எங்கள் வண்டியின் இடப்பக்கக் கதவு பூட்டாமல் போனபோது, நான் ஓங்கிச் சாத்தியதே காரணமென்று அப்பா கடிந்துகொண்டார். பட்டறையில் தூணிலிருந்த பூட்டுத் தகட்டை மட்டும் நகர்த்திக் கொடுத்தனர். சில மாதங்களில் மீண்டும் அதே கதை.

அப்பா மறைந்தபின், கூலிமில் முதிய பட்டறைக்காரர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் திறந்த கதவின் நுனியை மெல்லத் தூக்கிப் பார்த்தார், கீல் ஆடவில்லை. குனிந்து கீழ்ச்சட்டத்தைத் தட்டினார், துரு உதிர்ந்தது. கதவைக் கழற்றாமல், உடற்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து, கதவிடைவெளியை அளந்தபடியே புதுச் சட்டத்தைப் பற்றவைத்தார். பூட்டுத் தகட்டைத் தொட்டது கடைசியில்தான்.

“கதவு மேல தப்பில்லீங்க சார், அடியில போச்சு” என்றார்.

இன்று விரலால் தள்ளினாலே அக்கதவு சாத்திக்கொள்கிறது. அப்பாவிடம் காட்டத்தான் வழியில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைக் கடிந்துகொள்ள வாயெடுக்கும்போதெல்லாம் அந்தக் கீழ்ச்சட்டம் என் நினைவுக்கு வருகிறது.