மார்த்தாண்டத்துத் தேன்பெட்டியும் மனசிலாகாத மெஷினும்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு மாசம் இடைவெளி விழுந்துடுச்சு. ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் மார்த்தாண்டம் பக்கம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகாவும்தான் நாஞ்சில் நாடு, விளவங்கோடு அதுல சேராதுன்னு நாகர்கோவில் நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. சரி, ஒத்துக்கிறேன். இன்னிக்கு ரெண்டு பக்கக் கதையும் இருக்கு.

எங்க பாட்டிக்கு 76 வயசு. தாத்தாவை நாங்க பாட்டான்னுதான் கூப்பிடுவோம். அவர் தேனீ வளர்த்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துட்டார். அவர் விட்டுப்போன நாலு பெட்டியைப் பாட்டி பார்த்துக்கிறாங்க. நான் போனது மழைக்காலம். ஒரு பெட்டியில தேனீ குறைஞ்சுகிட்டே வருது, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன் ஆச்சே, கேட்டுச் சொல்லுன்னாங்க. போனில் ஒரு ஏஐ செயலியைத் திறந்து, நீங்களே பேசுங்க பாட்டின்னு கையில கொடுத்தேன்.

"பெட்டியில ஈ கொறஞ்சு போச்சு. என்னன்னு எனக்கு மனசிலாவல."

குமரி மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனசிலாவலன்னா புரியலன்னு அர்த்தம். மெஷின் அதை "மனசில் ஆவல்" என்று எழுதிக்கொண்டது. தேனீக்கள் மேல் உங்களுக்கு இருக்கும் ஆர்வம் பாராட்டத்தக்கது என்று பதிலை ஆரம்பித்தது. நான் கேள்வியைப் பாடப்புத்தகத் தமிழில் மறுபடி தட்டச்சு செய்தேன். இந்த முறை நீளமான பதில் வந்தது. பனிக்காலத்துக்கு முன் பெட்டியைக் குளிர் தாக்காமல் மூடி வைக்கச் சொன்னது. பாட்டி சிரிச்சுட்டாங்க. "இஞ்ச ஏது மக்கா பனிக்காலம்?"

எனக்குச் சிரிப்பு வரலை. இந்த மாதிரி மென்பொருள் எழுதித்தான் நான் சம்பளம் வாங்கறேன். யார் வேண்டுமானாலும் எந்த வயதிலும் எதை வேண்டுமானாலும் கற்கலாம் என்று எங்க தொழில்ல மேடைக்கு மேடை பேசறோம். அந்த "யார் வேண்டுமானாலும்"ல எங்க பாட்டி இல்லை. எங்க ஊர்ல படிப்பு யார் யாருக்கு, எப்படிப் போய்ச் சேர்ந்ததுன்னு தேட ஆரம்பிச்சது அன்னிக்கு ராத்திரிதான்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். எங்க ஆட்கள் பெருமையாகச் சொல்கிற எண் அது. அதன் தொடக்கத்தைத் தேடினால், 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரியும், அவரை அங்கே வரவழைத்த மயிலாடி மகாராசன் வேதமாணிக்கமும் முன்னால் வருவார்கள். 1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதிபாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் படிப்பு எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை. புலையர் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கால் வைக்க, அய்யன்காளி தலைமையில் வயல் வேலையை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. அது நடந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆணைக்கும் வாசலுக்கும் நடுவே கிட்டத்தட்ட 90 வருஷம்.

நாகர்கோவிலில் 1819-ல் மார்த்தா மால்ட் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெண்ணைப் படிக்க அனுப்ப யாரும் தயாராக இல்லாத காலம். அந்தப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். அடிமைச் சாதியில் பிறந்த சில பெண்கள் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அரசாணைக்கு முன்னாடியே அந்தப் பெண்களின் விரல் முந்திக்கொண்டது. இந்தப் பகுதியைப் படித்த பிறகு ரொம்ப நேரம் வேற எதையும் படிக்க முடியலை. தோள்சீலைக் கலவர நாட்களில் பள்ளிக்கூடங்களையே எரித்தார்கள். யார் படித்தால் என்ன ஆகும் என்பது எரித்தவர்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருந்தது.

இதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் படிப்பு. எனக்கு வேண்டியது பாட்டாவின் கதை. 30 வயசுக்கு மேல பனையேறியும் கூலிக்காரரும் எதையாவது புதுசாகக் கற்றுக்கொண்ட கதை. அது எங்க வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்தில் கிடைத்தது.

மார்த்தாண்டம் சந்தையைப் பழைய ஆட்கள் தொடுவெட்டி என்பார்கள். 1920களில் அங்கே ஒய்எம்சிஏ ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கியது. அந்த அமைப்பின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர் சேலத்தைச் சேர்ந்த கே.டி. பால். படித்தவன் நகரத்திலேயே சுற்றுகிறானே, கிராமத்தானுக்கு யார் என்று கேட்டவர். அவர் காலத்தில் மார்த்தாண்டத்துக்கு வந்தவர்கள் ஸ்பென்சர் ஹாட்ச்சும் அவர் மனைவி எமிலியும், அமெரிக்கர்கள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் வங்காளத்தில் தாகூர் ஸ்ரீநிகேதனைத் தொடங்கியிருந்தார். கிராமத்துப் பெரியவர்களுக்கு என்ன கற்றுத்தருவது என்ற கேள்வி அந்தப் பத்தாண்டில் நாடு முழுக்க இருந்திருக்கிறது.

ஹாட்ச் தேர்ந்தெடுத்த பாடங்களைப் பாருங்கள். கோழி. பனைவெல்லம். தேனீ. ஊரில் ஏற்கெனவே இருந்தவைதான், ஒன்றுக்கும் பெரிய முதல் வேண்டாம். பனையேறிக்குப் பனை சீசன் போனால் வேலை இல்லை, கையில் நேரம் இருக்கிறது. நிலமே இல்லாதவன்கூட வேலியோரம் ஒரு பெட்டி வைக்கலாம். முட்டையைத் தனித்தனியாக விற்றுத் தரகரிடம் ஏமாறாமல், தரம் பிரித்துக் கூட்டாக விற்கப் பழக்கினார்கள். அவருடைய கொள்கையை என் வார்த்தையில் சொன்னால் இதுதான்: கிராமத்தான் தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும், ஆனால் விஷயம் தெரிந்த ஒருத்தர் அவன் பக்கத்திலேயே, அவன் வீட்டாள் மாதிரி இருக்க வேண்டும். பிற்பாடு இந்த அனுபவத்தை ஹாட்ச் மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் இயற்கையாக அப்படி ஆகிவிட்டது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு வயது வந்தோர் பள்ளிக்கூடத்தின் விளைவு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்டியின் கதை. அதுக்கு முன்னாடி தேன் எடுப்பதென்றால் பொந்திலோ பானையிலோ இருக்கும் அடையை அறுத்துப் பிழிவதுதான். புழுவும் முட்டையும் சேர்ந்து நசுங்கும், கூடு அழியும். 1850களில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத், சட்டங்களைத் தனித்தனியாக வெளியே எடுக்கிற மாதிரி பெட்டியைச் செய்தார். அடைக்கும் அடைக்கும் நடுவே தேனீ நடமாட எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். இடம் அதிகமானால் தேனீ அங்கே இன்னொரு அடை கட்டிவிடும். குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும்.

ஆனால் அந்த அளவு ஐரோப்பியத் தேனீயின் உடம்புக்கு எடுத்தது. நம்ம ஊர்த் தேனீ சின்னது, கூட்டமும் சின்னது. அதே பெட்டியில் இதை விட்டால் சரிவராது. திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற பாதிரியார் 1910களில் நம்ம தேனீக்கு ஏற்றபடி ஒரு சிறிய பெட்டி செய்தார். மார்த்தாண்டத்திலும் ஒரு பெட்டி உருவானது. இன்றைக்கும் விவசாயக் கல்லூரிப் பாடங்களில் அதற்கு மார்த்தாண்டம் பெட்டி என்றே பெயர். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து நம்ம தேனீயை அளந்திருக்கிறார். உள்ளூர் ஆசாரி செய்யக்கூடிய மாதிரி, கூலிக்காரன் வாங்கக்கூடிய மாதிரி அதைச் சுருக்கியிருக்கிறார். என் துறையில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறோம். அங்கே உளியும் அளவுகோலும் வைத்து முடித்துவிட்டார்கள்.

1991, 92 வாக்கில் தென்னிந்தியா முழுக்கத் தேனீக்களை ஒரு நோய் தாக்கியது. தாய்லாந்தில் முதலில் கண்டுபிடித்த வைரஸ். புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்ப்பை மாதிரி ஊதிச் செத்துப்போகும். பாட்டாவிடம் அப்போது 30 பெட்டி இருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்து கிடையாது. ஊரில் பாதிப்பேர் தொழிலையே விட்டார்கள். பாட்டா ரெண்டு வருஷம் ரப்பர் பால் வெட்டப் போனார். அப்புறம் எங்கேயோ தப்பிப் பிழைத்த ஒரு கூட்டை வாங்கி வந்து, அதிலிருந்து பிரித்துப் பிரித்துப் பெருக்கினார். எந்தக் கூடு நோயைத் தாங்குகிறது என்று நோட்டில் குறித்துவைத்தார். அந்த நோட்டு இப்போ என்கிட்ட இருக்கு. நாற்பதுக்கு மேல் ஒரு மனுஷன் தனக்கு நன்றாகத் தெரிந்த தொழிலை முதலிலிருந்து படிக்கிறார். எங்க ஆபீசில் ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒரு புது டூல் வந்து நான் பழகியதெல்லாம் பழசாகும்போது, அந்த நோட்டை எடுத்துப் பார்ப்பேன்.

அதே வருஷங்களில்தான் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதை எல்லாருக்கும் தெரியும். எங்க பாட்டி அப்போது அண்டி ஆபீசில் வேலை. வெளியூர் நண்பர்களுக்காக: முந்திரி உடைக்கிற ஆலையை நாங்க அப்படித்தான் சொல்வோம். அண்டி எண்ணெய் பட்டு விரலெல்லாம் கருத்துப்போய், ரேகையே தெளிவாக விழாது. கைநாட்டு வைக்கிறதுக்கே கஷ்டம். அந்த விரலால் சாயங்கால வகுப்பில் எழுதக் கற்றார்கள். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். பஸ் போர்டை வாசித்ததுதான் முதல் சந்தோஷம்னு இன்னிக்கும் சொல்வாங்க.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எங்க வீட்டில் தேன்பெட்டி ஆண்கள் சமாச்சாரம். 40 வருஷம் அதே முற்றத்தில் இருந்தும், பாட்டா படுக்கையில் விழுந்த பிறகுதான் பாட்டி பெட்டியைத் திறந்தாங்க. அதுவரை அவங்களுக்கு யாரும் சொல்லித்தரலை. தினமும் பார்த்ததுதான் அவங்க படிப்பு.

இப்போ ஏஐ. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் மக்களின் பேச்சை ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கிறது. ஒன்றிய அரசின் பாஷினி திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. ரெண்டும் நல்ல வேலை. ஆனாலும் சக்கை என்றால் எங்களுக்குப் பலாப்பழம், மற்றவர்களுக்குப் பிழிந்து போட்டது. ரெண்டும் தமிழ்தான். எது நிறைய எழுதப்பட்டிருக்கிறதோ அதைத்தான் மெஷின் படிக்கும். எங்க பாட்டி பேசியதை யாரும் எழுதினதில்லை. அதனால் தேனைப் பற்றி உலகத்தில் இருக்கிற அத்தனையும் தெரிந்த மெஷினுக்கு, ஜனவரியில் ரப்பர் புதுத் துளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும், எங்க ஊரில் அதுதான் தேன் காலம் என்ற பதில் வாயில் வரவில்லை. படிப்பு குறைந்தவர்களுக்குத்தான் இது ரொம்ப உதவும் என்று விற்கிறோம். சரியான பதிலை வரவழைக்கப் பாடப்புத்தகத் தமிழ் வேண்டும், தப்பான பதிலைக் கண்டுபிடிக்கத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். புதுசாகப் பெட்டி வாங்கிய ஒரு பொண்ணு அந்தப் பனிக்காலப் பதிலை நம்பியிருந்தால், ஈரத்தில் பெட்டியைப் பொத்தி மூடியிருப்பாள்.

லீவு முடியிறதுக்குள் பாட்டி பேச்சை ஒன்பது மணி நேரம் பதிவு செய்தேன், அவங்க சம்மதத்தோட. எழுத்தாக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகுது. எனக்கே சில வார்த்தை தெரியலை, போன் போட்டுக் கேட்கிறேன். "இத கொண்டு எங்க குடுப்ப?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் எடுத்துப் பயன்படுத்துற மாதிரி பொதுவில் போடுவேன்னேன். "அப்ப ரப்பர் எல விசயத்த மொதல்ல சொல்லு."

கிளம்புறதுக்கு முந்தின நாள் மழை கொஞ்சம் விட்டது. பாட்டி என்னை மூடியைப் பிடிக்கச் சொல்லிட்டு, அந்தப் பெட்டியின் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தாங்க. கடைசிச் சட்டத்தில் நூலாம்படை மாதிரி இருந்தது. மெழுகு அந்துப்பூச்சி. கூட்டம் இளைத்தால் மழைக்காலத்தில் வரும். அந்தச் சட்டத்தை எடுத்துத் தூரமாகக் கொண்டுபோய் எரிச்சாங்க. சிரட்டையில் சர்க்கரைத் தண்ணி ஊற்றி, தேனீ முங்காமல் இருக்க ரெண்டு குச்சியைப் போட்டு உள்ளே வெச்சாங்க. என் கழுத்தில் ஒண்ணு கொட்டிடுச்சு. "அனங்காத மக்கா, மூடிய விட்டுராத"ன்னாங்க.